பாதிக்கல்லுக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரி 3, திங்கள்

காலை: கோதுமை உப்புமா, அடிப்பிடித்தது. மதியம்: அதே உப்புமா, மோர் விட்டு. சாயங்காலம்: வடை ஒன்று.

தின்பதையெல்லாம் எழுதி மாதக் கடைசியில் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார் சர்க்கரை டாக்டர். ஆயுசு முழுக்க ஊரார் சொத்துக்குப் பத்திரம் எழுதிய ஆவுடைநாயகம், ஓய்வு காலத்தில் உப்புமாவுக்குப் பத்திரம் எழுதுகிறேன். டைரி உரக்கடையில் இனாமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் யூரியாவைப் பற்றி ஒரு பொன்மொழி இருக்கிறது.

நடக்கவும் சொல்லியிருக்கிறார். நடக்கிறேன். வடகரையில் பூவரச மரம் நிற்கும் என் வீட்டிலிருந்து கிளம்பி, கல்பாலத்தின் பாதிவரை போய், கட்டைச்சுவரில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டுத் திரும்புவேன். முழுப் பாலத்தையும் நடந்தால் சர்க்கரை இன்னும் இறங்கும் என்றார். அவர் மதுரைக்காரர், எங்கள் பாலத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

இன்று பாலத்து முனையில் ஒரு தட்டி கட்டியிருந்தார்கள். மார்ச் ஒன்றாம் தேதி முதல் பழுதுபார்ப்புக்காகப் பாலம் மூடப்படும், ஒரு வருஷம் ஆகும், பொதுமக்கள் கிழக்கே புதுப்பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகவும். டீக்கடைக் கிருபை தட்டியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, இனி காத்து வாங்க எங்க போவிய?"

"காத்து எல்லா எடத்துலயும் அடிக்கும்வே. நீ வடை கருகாமப் பாரு."

பாலம் மூடுவதால் எனக்கு யாதொரு நஷ்டமும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பிப்ரவரி 4

கடை இட்லி, நான்கு. சட்னி ஊசியிருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

காலை: பழையது. மதியம்: சோறு, வாழைக்காய் கறி. வாழைக்காய் வேகவில்லை.

டாக்டர் அவர்களே, ஏன் பாதியில் திரும்புகிறேன் என்று மறுபடி கேட்பீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

மஞ்சணத்தியாற்றில் குதிரையோடு கவிழ்ந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், நனைந்த கோபத்தில் கட்டச் சொன்னது இந்தப் பாலம். தண்ணீர் போகப் பதினொரு கண். சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு அரைத்துக் கட்டினார்களாம். முட்டையும் ஊற்றினார்கள் என்பார்கள். பழைய கட்டிடம் எதைப் பார்த்தாலும் நம் ஆட்களுக்கு முட்டை ஞாபகம்தான் வரும்.

துரை வேலையை இரண்டாகப் பிரித்தார். வடக்குப் பாதி வடகரை ஆட்களுக்கு, தெற்குப் பாதி தென்கரை ஆட்களுக்கு. அவரவர் கரையிலிருந்து ரோஷத்தோடு கட்டிக்கொண்டே வந்து, ஆறாவது கண்ணில் சந்தித்தபோது இரண்டும் நேருக்கு நேர் வரவில்லை. இந்தப் பக்கமும் இடிக்க மாட்டேன் என்றது, அந்தப் பக்கமும் இடிக்க மாட்டேன் என்றது. கடைசியில் வளைத்து ஒட்டினார்கள். பாலம் நடுவில் முழங்கை மாதிரி மடங்கிப் போகும். இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியாது. மாப்பிள்ளை அழைப்புக் கார்கள் எல்லாம் வளைவில் ஒரு முறை உரசிவிட்டுத்தான் போகும்.

கோணல் யாருடையது என்பதுதான் நூற்றைம்பது வருஷமாக இரண்டு கரைக்கும் வழக்கு. வடகரைக் குழந்தை 'அம்மா'வுக்கு அடுத்தபடியாகச் சொல்லக் கற்பது 'தென்கரைக்காரன் தப்பு' என்பதைத்தான். அங்கே நேர்மாறு.

வளைவில் இடுப்புயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. பாதிக்கல் என்போம். விளக்கேற்றுவதும் பெருக்குவதும் அவரவர் பாதி என்று துரை நட்டது. துரை போனார், விளக்கும் போயிற்று, பெருக்குவது என்றைக்கும் நடக்கவில்லை. கல்லுக்கு ஊர் வேறு வேலை கொடுத்துவிட்டது. கரைவிட்டுக் கரை கட்டிக்கொடுத்த பெண், சண்டை போட்டுக்கொண்டு பிறந்த கரைக்குப் போய்விட்டால், அதன்பின் யார் முதலில் பாதிக்கல்லைத் தாண்டுகிறார்களோ அவர் தோற்றவர். தோற்றவர் ஒரு வருஷம் எதிர்ப்பேச்சுப் பேசக் கூடாது. இரண்டு முனையிலும் டீக்கடை இருப்பதால் யாரும் தெரியாமல் தாண்ட முடியாது. புதுப்பாலத்தைச் சுற்றிப் போவது தோற்பதைவிடக் கேவலம்.

மற்றபடி நல்ல பாலம். ஒவ்வொரு தூணுக்கும் மேலே கட்டைச்சுவர் வெளியே தள்ளி, இரண்டு பேர் உட்கார இடம் விட்டிருக்கும். வெயில் காலத்திலும் கல் சில்லென்று இருக்கும். கண்களுக்குள் மாடப்புறாக்கள் உறுமிக்கொண்டே இருக்கும். மேற்கே மலையிலிருந்து வரும் காற்றுக்குப் பாலத்தைத் தவிர உட்கார வேறு இடம் கிடையாது.

என் மனைவி செண்பகவடிவு தென்கரைக்காரி. இரண்டு வருஷத்துக்கு முன் பேத்தியின் காதுகுத்தில், அவள் அண்ணன் தம்பிகள் நடுவே, பாயசம் குடித்த தெம்பில், "தென்கரைக்காரனுக்கு நூல் பிடிக்கத் தெரிஞ்சிருந்தா பாலம் ஏன்வே கோணுது" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் பெட்டியோடு பாலத்தைக் கடந்து, அண்ணனுடைய பச்சை கேட் வீட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அவளும் சாயங்காலம் பாதிக்கல்லுக்கு அந்தப் பக்கம் காற்று வாங்க வருகிறாள். பாலம் பொதுச்சொத்து, யாரும் வரலாம். அவள் கீரை ஆய்வாள். நான் பேப்பர் படிப்பேன். பேசுவதில்லை. அவள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்ததும் எனக்கும் வீட்டு வேலை ஞாபகம் வரும்.

பிப்ரவரி 10, திங்கள்

காலை: தோசை, கல்லோடு ஒட்டியது. சுரண்டித் தின்றதைத் தோசைக் கணக்கில் எழுதலாமா தெரியவில்லை.

பாலத்தைச் சரிசெய்ய ஒரு பெண் இன்ஜினீயர் வந்திருக்கிறாள். மெஹர் என்று பெயர், திருச்சி. முழங்கால் தண்ணீரில் இறங்கி, எங்கள் பாலத்தை அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தாள். எங்களில் ஒருத்தன்கூட இதுவரை அப்படிப் பார்த்ததில்லை. அவளோடு கொத்து வேலைக்கு மேஸ்திரி பாக்கியம். பக்கத்து ஊர்க்காரர், வெற்றிலைக்கு வாய் ஓயாதவர்.

சாயங்காலம் ஏறி வந்து மெஹர் சொன்னாள்: "அங்கிள், இது தப்பில்லை. ஆத்துக்கு நடுவுல ஒரு பாறை கிடக்கு. ஆறாவது தூண் அதுமேல உக்காரணும்னுதான் வேணும்னே வளைச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் சேர்ந்து பேசிக் கட்டியிருக்காங்க."

கிருபை வடைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலை ஒன்றும் சாப்பிடவில்லை, கூட்டம் இருந்தது.

இரண்டு கரையும் சேர்ந்து கூட்டம் போட்டது இதுவே முதல் தடவை. பாதிக்கல்லுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் மெஹர், கையில் பாறையின் போட்டோ. தப்பே நடக்கவில்லை என்றால் இத்தனை தலைமுறை பேசியதெல்லாம் என்ன ஆவது? எங்கள் பாட்டன்களை ஒற்றுமையானவர்கள் என்று சொல்ல இவள் யார்? வடகரைத் தலைவர் ஆரம்பித்த வாக்கியத்தைத் தென்கரைத் தலைவர் முடித்தார். அப்படி ஓர் இணக்கம். மெஹருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

அப்போது அந்தப் பக்கத்தில் பெண்கள் கூட்டத்திலிருந்து வடிவு எழுந்தாள்.

"ஏம்மா, கோணல் யாரு தப்பும் இல்லன்னா, நான் ரெண்டு வருசமா எங்க அண்ணன் வீட்டு மாடியில எதுக்குக் கெடக்கேன்? அதையும் அந்தப் போட்டாவுல பாத்துச் சொல்லு."

பாலமே சிரித்தது. நான் பேப்பரில் மழை நிலவரம் படித்தேன். பிப்ரவரியில் என்ன மழை. அவள் இளைத்திருக்கிறாள். மாடிப்படி ஏறி இறங்குவதால் இருக்கும்.

மெஹர் தோற்றுப்போய், ஆராய்ச்சி நடப்பில் உள்ளது என்று சொல்லித் தப்பித்தாள். கூட்டம் முடிந்ததும் அவளுக்குக் கிருபை கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். சும்மா, வெளியூர்ப் பிள்ளை என்று.

பிப்ரவரி 19

வடை இல்லை. பசி இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

வடிவு மூன்று நாளாகக் காற்று வாங்க வரவில்லை. அவள் வராவிட்டால் எனக்கு என்ன. உட்காரும் இடம் விசாலமாக இருக்கிறது. பேப்பரை விளம்பரம் உட்பட முழுக்கப் படித்துவிட்டேன்.

இருட்டிய பிறகு கிருபை சொன்னான். சிக்கன்குனியாவாம். கை, கால், மூட்டு எல்லாம் வீங்கி, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாளாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

எழுந்து பாதிக்கல் வரை போனேன். கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வளைவுக்கு அப்பால் பச்சை கேட் வீட்டு மாடி விளக்கு எரிந்தது. பயமாக இருந்தது. டாக்டர் இதைப் படித்தால் படிக்கட்டும். இரண்டு முனை டீக்கடைகளிலும் பேச்சு நின்றுவிட்டது எனக்கு முதுகில் தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன். ரோஷம் கெட்ட சவம்.

பிப்ரவரி 22, சனி

காலை முழுக்க ரசம் வைத்தேன். மிளகு, பூண்டு, கொஞ்சம் தூதுவளை. தூக்குவாளியில் ஊற்றிக் கிருபையிடம் கொடுத்து, தென்கரைக்குப் போகிற ஆட்டோவில் அனுப்பச் சொன்னேன். அவன் வீட்டு ரசம் என்றே சொல்லச் சொன்னேன்.

சாயங்காலம் தூக்குவாளி திரும்பி வந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பக் கூடாது என்பதால் உள்ளே நார்த்தங்காய் ஊறுகாய். ஆட்டோக்காரன் சேதியும் கொண்டுவந்தான்.

"கிருபையண்ணன் ரசத்துல உப்பே இல்லையாம். அண்ணனுக்கு எப்பவும் உப்புக் கை வராதாம், அடுத்த தடவை வாயில விட்டுப் பாத்துட்டு அனுப்பச் சொன்னாவ."

கிருபை எட்டு ஊருக்குப் புரோட்டா சால்னா போட்ட கை. அவனுக்கு உப்புக் கை வராதாம். அவன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.

இரவு: மோர்சாதம், நார்த்தங்காய். நார்த்தங்காய் டாக்டருக்குத் தெரிய வேண்டியதில்லை.

பிப்ரவரி 26, புதன்

பாலத்தின் கட்டைச்சுவர்களில் மெஹர் சுண்ணாம்பால் எண் போட்டுவிட்டாள். எந்தக் கல்லைக் கழற்றினாலும் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டுமாம். பாதிக்கல்லைத்தான் முதலில் எடுக்கப் போகிறார்கள்.

மேஸ்திரி பாக்கியத்துக்குக் கும்பகோணம் வெற்றிலை வாங்கிக் கொடுத்து, ஓர் ஆலோசனை சொன்னேன். வேலை முடிந்து கல்லைத் திரும்ப நடும்போது, அந்தப் பழைய இடத்தில்தான் நட வேண்டுமா? தென்கோடியில், பச்சை கேட் வீட்டுக்கு எதிரே நட்டால் பாலத்துக்கு எடுப்பாக இருக்குமே. முழுப் பாலமும் நடந்தாலும் கல்லைத் தாண்டியதாக ஆகாது, டாக்டர் சொன்னபடி நடையும் ஆயிற்று என்பதை அவரிடம் விளக்கவில்லை.

பாக்கியத்துக்குப் புரையேறிவிட்டது. வெற்றிலைச் சாறு சட்டையெல்லாம்.

"ஆளாளுக்கு ஒரு எடுப்பு சொல்லுதியளே" என்றார்.

மார்ச் 1, சனி

மூடிவிட்டார்கள். இரண்டு முனையிலும் தகரம் அடித்தாயிற்று. மூடுவதற்கு முன் ஊரே ஒரு தடவை நடந்து பார்த்தது. இவ்வளவு நாள் பீடித்துண்டு போட்டவர்களெல்லாம் இன்று கல்லைத் தடவிப் பார்த்தார்கள். பாதிக்கல்லைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, வடகரை மணலில் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். நின்றபோது இருந்த மிடுக்கு படுத்ததும் இல்லை.

வடிவு வரவில்லை. வந்திருக்க முடியாது, கால் வீக்கம். தெரியும். ஆனாலும் கடைசி ஆள் போகும்வரை வளைவில் நின்றேன்.

சர்க்கரை இருநூற்று நாற்பது. காரணம் தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

இன்று பாக்கியம் வெற்றிலைக்கு என்னைத் தேடி வந்தார். சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் அண்ணாச்சி. நீங்க கல்லத் தெக்க நடச் சொன்னியள்லா? அதுக்கு முந்தியே அந்தக் கரையிலருந்து ஒரு அம்மா வந்தாவ. நாங்க வேலைக்கு வந்த மொத வாரம். பொரிவிளங்காய் உருண்ட கொண்டாந்து குடுத்துட்டு, கல்ல வடக்கு முனையில, பூவரச மரத்து வீட்டுக்கு எதுத்தாப்புல நட்டா எடுப்பா இருக்கும்னு சொன்னாவ. நீங்க ரெண்டு பேரும் சொல்லுத மாதிரி நடணும்னா எனக்கு ரெண்டு கல்லுல்லா வேணும்."

அதற்குப் பின் அவர் என்ன பேசினார் என்று தெரியாது. அடுப்பில் வைத்த பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டிருந்தது. துடைக்கவில்லை.

என் வீட்டு வாசல் வரை வர நினைத்திருக்கிறாள். நான் உப்பில்லாத ரசம் அனுப்புவதற்கு முன்பே.

மார்ச் 6, வியாழன்

விடிந்ததும், பாலத்தைக் கடக்க விடச் சொல்லி மெஹரிடம் கேட்டேன். விதியில் இடமில்லை என்றாள். பிறகு தன் தலையிலிருந்த மஞ்சள் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்து, "பத்து நிமிஷம் நான் டீ குடிக்கப் போறேன் அங்கிள்" என்றாள். அந்தப் பிள்ளைக்கு நல்ல இடத்தில் வரன் அமையட்டும்.

மேலே பாவியிருந்த தார் சுரண்டப்பட்டு, அடியில் துரை காலத்துக் கல் தெரிந்தது. வளைவில் பாதிக்கல் நின்ற இடத்தில் ஒரு குழி. அதைத் தாண்டினேன். ஒன்றும் ஆகவில்லை. புறாதான் பறந்தது.

பச்சை கேட். மாடிப்படி. வடிவு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. என் தலையைப் பார்த்தாள்.

"என்ன வேசம் இது?"

"தொப்பி. கல்லு விழுந்தா..."

"கல்லு எங்க?"

"எந்தக் கல்லு?"

"பாதிக்கல்லு."

"மணல்ல கெடக்கு."

"அப்பொ இது கணக்கில்ல" என்றாள். "கல்லு இல்லாத நேரம் பாத்து வந்துட்டு, நாளைக்கு நான் எங்க தாண்டுனேன்னு பத்திரம் எழுதுவிய. ஒங்களத் தெரியாதா எனக்கு. கல்ல வச்ச பொறவு வாங்க."

"அதுக்கு ஒரு வருசம் ஆகும்ளா."

"ரெண்டு வருசம் இருந்தாச்சுல்லா." பிறகு, "காப்பி போட்டிருக்கேன். சீனி போடல. குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

குடித்தேன். திரும்பி வந்துவிட்டேன். மெஹர் மூன்றாவது டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 7, வெள்ளி

காலை: ஒன்றுமில்லை. மதியம்: ஞாபகமில்லை, காரணம் கீழே.

கல்லை வைத்த பிறகு வரச் சொன்னாள். எங்கே வைத்த பிறகு என்று சொல்லவில்லை. பத்திரத்தில் எல்லை சொல்லாமல் விட்டால் அது எழுதுகிறவன் சௌகரியம்.

கிருபை, பாக்கியம், நான். காய்கறி வண்டி ஒன்றில் சாக்கு விரித்துப் பாதிக்கல்லை ஏற்றினோம். மூச்சு வாங்கிவிட்டது. பாலத்தின் மேல் தள்ளிக்கொண்டு போகும்போது வண்டிச் சத்தம் கேட்டுப் பதினொரு கண்ணிலும் உள்ள புறாக்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. பின்னால் வடகரை ஊர்வலம் வந்தது. தகரத்தை யார் பிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தென்கரை முனையில் அந்த ஊர் காத்திருந்தது. மெஹர் கூடவே ஓடிவந்து, "அது நம்பர் போட்ட கல்லு, நம்பர் போட்ட கல்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கல்லைப் பச்சை கேட் வீட்டு மாடி வாசலில், நிலைப்படிக்கு வெளியே கிடத்தினோம். படியேற்றியதில் பாக்கியத்துக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வடிவு உள்ளே நின்றாள், நான் வெளியே. கீழே இரண்டு கரையும் அண்ணாந்து பார்த்தது. அவள் அண்ணன் மாத்திரம் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"இப்ப கணக்குத்தான?" என்று கேட்டேன்.

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. மூட்டுவலியாகவும் இருக்கலாம் என்று எழுத நினைத்தேன். இல்லை, எனக்கும் நின்றது.

நான் காலைத் தூக்கினேன். முழங்கால் பாதியில் மக்கர் பண்ணியது. அவள் "பாத்து, பாத்து" என்று நிலையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

அடுத்த நொடி இரண்டு பேரும் கல்லின் மேலே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மார்ச் 9, ஞாயிறு

கல் மணலுக்குத் திரும்பிவிட்டது. மெஹர் சுண்ணாம்பு எண்ணைப் புதிதாகப் போட்டுவிட்டாள். யார் கால் முதலில் தாண்டியது என்று நேற்று இரண்டு கரையும் கூட்டம் போட்டது. தென்கரை, நான்தான் என்கிறது. வடகரை, அவள்தான் என்கிறது. இன்னும் நூற்றைம்பது வருஷத்துக்கு இது போதும்.

எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

வடிவுக்கு நடக்க இன்னும் நாளாகும் என்பதால் நான் இந்த மாடியிலேயே இருக்கிறேன். இங்கே காற்று நன்றாக வருகிறது. ஒரு சங்கடம்தான். இரண்டு நாளாக இரண்டு பேரும் எதிர்ப்பேச்சுப் பேசாமல் இருக்கிறோம். நான் சொன்னால் அவள் சரி என்கிறாள், அவள் சொன்னால் நான் சரி என்கிறேன். ஒரு தோசைக்குச் சட்னியா பொடியா என்று முடிவாக அரைமணி நேரம் ஆகிறது.

சாயங்காலம் ஜன்னலில் நின்று பாலத்தைப் பார்த்தோம். இங்கிருந்து வளைவு தெளிவாகத் தெரிகிறது. வடிவு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"கோணல் ஒங்க ஆளுகதான?"

"ஆமா" என்றேன்.

முந்தானையால் ஜன்னல் கம்பியைத் துடைத்தாள். பிறகு, "சவத்த விடுங்க. எங்க ஆளுகளாவும் இருக்கும்" என்றாள்.

இரவு: சோறு, ரசம். ரசம் நான் வைத்தது, உப்பு அவள் போட்டது.